ஆத்தா யாரையும் கேட்காமல் அமுக்கும் பட்டன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமத்து ஆத்தா ஒருத்தங்க. வயசு எழுபதைத் தாண்டும். மாசாமாசம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்க. ஒருநாள் வரும்போதே முகத்தில் கோபம். ஏதோ ஒரு இடத்தில் டோக்கன் எடுக்கிற தொடுதிரை மெஷின் முன்னாடி எதைத் தொடணும்னு தெரியாம நின்னிருக்காங்க. பின்னாடி வரிசையில் இருந்த பையன் சலிச்சுக்கிட்டானாம்.

"ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுட்டான் தம்பி. ஓட்டு மிசினை நான் யாரைக் கேட்டு அமுக்குறேன்? அதுமாதிரி வச்சா நானே அமுக்கிட்டுப் போறேன்."

பிரஷர் பார்த்துக்கிட்டே சிரிச்சுட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி ட்யூட்டியில் யோசிச்சுப் பார்த்தா, ஆத்தா சொன்னது சாதாரண விஷயம் இல்லை. பள்ளிக்கூடமே போகாத ஒருத்தர், ஐந்து வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் தொடுற ஒரு மெஷினை, யார் உதவியும் இல்லாம, திரைக்குப் பின்னாடி தனியா நின்னு சரியா இயக்குறாங்க. தினமும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற நாங்க தப்பான பட்டனை அமுக்குறோம். (நான் அமுக்கின கதை கடைசியில் வருது.)

அந்த நீல பட்டன் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். வெப்சைட், ஆப் செய்யுற தம்பி தங்கச்சிங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. மெஷினை நம்பலாமா கூடாதாங்கிற அரசியல் சண்டைக்கு இந்த த்ரெட்டில் இடமில்லை. இது பட்டனைப் பத்தினது மட்டும்.

முதல் பொதுத்தேர்தல், 1951–52. வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன்னாடி இருந்த கேள்வி இன்னிக்கு எந்த ஆப் செய்யுறவருக்கும் இருக்கிற அதே கேள்விதான்: படிக்கத் தெரியாதவர் தனக்கு வேண்டியதைத் தானே எப்படித் தேர்ந்தெடுப்பார்?

அவர் கண்ட விடை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். கையில் தர்ற சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், குத்த வேண்டாம். மறைப்புக்குப் பின்னாடி போய், பிடிச்ச சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் முடிஞ்சது. அந்தக் காலத்து பட்டன் அந்தப் பெட்டிதான்னு வச்சுக்குங்க. ஒரு பெட்டிக்கு ஒரே அர்த்தம்.

அந்த முறை வேலை செஞ்சுச்சா? நம்ம ஊர் ஆளை வச்சே சொல்றேன். ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949-லிருந்து சென்னை மாகாண முதலமைச்சர். 1952-ல் பதவியில் இருந்தபடியே தேர்தலில் நின்னு தோத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்க காளைமாட்டுப் பெட்டியைப் பார்த்து, வேண்டாம்னு முடிவு செஞ்சு, பக்கத்துப் பெட்டியில் போட்டுட்டு வந்தாங்க. ஆட்சியில் இருக்கிறவரையே வீட்டுக்கு அனுப்ப முடிஞ்சதுன்னா, அந்தப் பெட்டி தன் வேலையைச் செஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். (தன் வீட்டையே ஊருக்கு எழுதி வச்சவர் அவர். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இன்னிக்கும் இருக்கு. அது தனிக்கதை.)

ஆனா பிரச்சினை இருந்துச்சு. பத்து பேர் நின்னா பூத்துக்குப் பத்து பெட்டி. நாடு முழுக்க இருபது லட்சத்துக்கும் மேல பெட்டி செய்ய வேண்டியதாச்சு. சிலர் சீட்டைப் பெட்டிக்குள் போடாம மேலேயே வச்சுட்டு வந்துடுவாங்க. சிலர் போடாமலே மடியில் கட்டிக்கிட்டு வந்து வெளியே வித்துடவும் வழி இருந்துச்சு. சீட்டில் எந்தக் குறியும் கிடையாதே, அது யார் பெட்டியில் விழுந்தாலும் ஓட்டுதான்.

அதனால 1962 பொதுத்தேர்தலில் நாட்டின் பெரும்பகுதி வேற முறைக்கு மாறுச்சு. ஒரே சீட்டு, அதில் எல்லாப் பெயரும் எல்லாச் சின்னமும், ரப்பர் முத்திரையால் குத்தணும், ஒரே பெட்டியில் போடணும். நம்ம அப்பா அம்மா பல வருஷம் ஓட்டுப் போட்டது இப்படித்தான்.

அந்த முத்திரையை ஞாபகம் இருக்கா? சுழலுற மாதிரி அம்புக்குறிச் சிலுவை. அழகுக்காக வச்சதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சேன். விஷயம் வேற. குத்தின மை காயறதுக்கு முன்னாடி சீட்டை மடிச்சா, எதிர்ப்பக்கச் சின்னத்தில் அதே அச்சு விழும். எண்ணும்போது ரெண்டு குறி தெரியும், எது நிஜம்? வெறும் வட்டமோ பெருக்கல் குறியோ இருந்தா கண்டுபிடிக்க முடியாது. சுழல் அம்பா இருந்தா, படிஞ்ச அச்சு கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திசை மாறித் தெரியும். உடனே தெரிஞ்சுடும், ஓட்டும் செல்லும். மனுஷன் எங்கே தப்பு செய்வான்னு முன்கூட்டியே யோசிச்சு ஒரு குறியை வரைஞ்சிருக்காங்க.

இருந்தும் செல்லாத ஓட்டு குறையலை. ரெண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் குத்தினது, ரெண்டு இடத்தில் குத்தினது, கைநாட்டு வச்சது... ஒவ்வொரு எண்ணிக்கையிலும் தனிக் கட்டாச் சேரும். அதுக்கு மேல 1996-ல் மொடக்குறிச்சி. விவசாயிகளின் கோபத்தில் ஒரே தொகுதியில் 1033 பேர் நின்னாங்க. வாக்குச்சீட்டைப் புத்தகமா அடிக்க வேண்டியதாச்சு, தேர்தலையே தள்ளி வச்சாங்க. ஒரு பக்கத்தில் எத்தனை பட்டன் வைக்கலாம்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்ற பதில் மொடக்குறிச்சி.

இனி மெஷின். 1977-ல் தேர்தல் ஆணையத்தில் யோசனை வந்தது. 1979-ல் ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். மாதிரி செஞ்சது. 1980 ஆகஸ்டில் கட்சிகளுக்கு செஞ்சு காட்டினாங்க. பெங்களூர் பி.இ.எல். நிறுவனமும் சேர்ந்தது. அங்கே இந்த மெஷின் வேலையில் முக்கியப் பங்கு வகிச்ச இன்ஜினீயர் எஸ். ரங்கராஜன். யார்னு தெரியலையா? நம்ம எழுத்தாளர் சுஜாதா. கணேஷ்-வசந்த் படிச்சு வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்லை. ஆனா ஓட்டுப் போடும்போது எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

1982 மே 19, கேரளாவில் பரவூர் தொகுதி, 50 பூத்தில் முதல் தடவையா மெஷின். சி.பி.ஐ. சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயிச்சார். தோத்த காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் மெஷினுக்கு இடமே இல்லைன்னு சொல்லி, அந்த 50 பூத்தில் மறுபடி சீட்டில் ஓட்டு நடத்தச் சொன்னது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயிச்சார். சட்டத்தைத் திருத்தி, 61-ஏ பிரிவு நடைமுறைக்கு வர 1989 ஆச்சு.

அந்தக் காத்திருப்பில் ஒரு நல்லது நடந்துச்சு. மெஷின் வடிவமைப்பில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவய்யா ரெண்டு பேரும் சேர்ந்தாங்க. சர்க்யூட் செய்யுறவர் வேற, கை எங்கே போகும், கண் எதைத் தேடும்னு பார்க்கிறவர் வேற. ரெண்டும் வேணும்.

இப்போ மெஷினைக் கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க. வரிசையா பெயர், சின்னம், பக்கத்திலேயே ஒரு சின்ன சிவப்பு விளக்கு, நீல பட்டன். எல்லா பட்டனும் ஒரே நீலம், ஒரே அளவு, ஒரே பக்கம். முதல் வேட்பாளருக்குப் பெரிய பட்டன், கடைசி ஆளுக்குச் சின்ன பட்டன்னு கிடையாது. ராஜபாளையத்திலும் அதே, நாகாலாந்திலும் அதே.

அமுக்கினா பக்கத்து விளக்கு எரியும், நீளமா 'பீப்'னு சத்தம் வரும். கண்ணில் புரை இருக்கிறவருக்கு சத்தம், காது கேட்காதவருக்கு வெளிச்சம். ஆண்களில் நூத்துக்கு சில பேருக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. அவங்களுக்கும் சிக்கல் இல்லை, ஏன்னா அர்த்தம் நிறத்தில் இல்லை, இடத்தில் இருக்கு. பார்வை இல்லாதவங்களுக்காக பட்டன் பக்கத்தில் பிரெய்ல் எண்ணும் பின்னாடி சேர்ந்துச்சு.

முக்கியமான விஷயம் இதுதான். ஒரு தடவை அமுக்கினதும் மெஷின் பூட்டிக்கும். பதட்டத்தில் நாலு தடவை அமுக்கினாலும் ஒரே ஓட்டுதான். பூத் அலுவலர் தன் மேஜையில் இருக்கிற கண்ட்ரோல் யூனிட்டில் 'பேலட்' பட்டனை அமுக்கினால்தான் அடுத்தவருக்குத் திறக்கும். 'பணம் கட்டு' பட்டனை ரெண்டு தடவை தொட்டு, ரெண்டு தடவை பணம் போய், பேங்குக்கு அலைஞ்சவங்க கையைத் தூக்குங்க.

ஒரு யூனிட்டில் 16 பட்டன். தொகுதியில் ஒன்பது பேர்தான்னா, மீதி பட்டனை மூடி மறைச்சுடுவாங்க. தேவையில்லாத பட்டன் கண்ணுக்கே தெரியாது.

கண்ட்ரோல் யூனிட் இன்னும் சுவாரசியம். நாள் முழுக்க அமுக்க வேண்டிய 'பேலட்' வெளியே, கைக்கு எட்டுற இடத்தில். எத்தனை ஓட்டு ஆச்சுன்னு காட்டுற 'டோட்டல்' பட்டனும் வெளியே, ஏன்னா அதை எத்தனை தடவை அமுக்கினாலும் எதுவும் கெடாது. 'க்ளோஸ்' பட்டனுக்கு மூடி உண்டு, அதை அமுக்கினா வாக்குப்பதிவே முடிஞ்சுடும். 'ரிசல்ட்', 'க்ளியர்' ரெண்டும் கதவுக்குள்ளே. அந்தக் கதவுக்குப் பச்சைத்தாள் முத்திரை, அதில் ஏஜென்ட்களின் கையெழுத்து. எவ்வளவு ஆபத்தான பட்டனோ அவ்வளவு தள்ளி, அவ்வளவு மூடி.

எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ல வரலை. காலையில் ஏஜென்ட் முன்னாடி மாதிரி ஓட்டு போட்டுக் காட்டி, அதை அழிச்சுட்டுத்தான் நிஜ ஓட்டு ஆரம்பிக்கணும். க்ளோஸ், ரிசல்ட், க்ளியர், இந்த வரிசையை 'சி.ஆர்.சி.'ன்னு ட்ரெயினிங்கில் மனப்பாடம் செய்ய வைக்கிறாங்க. அப்படியும் அழிக்க மறந்த பூத்துகள் உண்டு. மனப்பாடத்தை நம்பி நிக்கிற எந்த ஏற்பாடும், விடியக்காலை நாலு மணிக்கு எழுந்த ஆள்கிட்ட ஒருநாள் தோத்துப்போகும். ஆஸ்பத்திரியில் இருக்கிற எங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் வச்சுப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் 2000 நவம்பரில் உலகமே ஒரு பாடம் படிச்சுது, அமெரிக்காவில்.

ஃப்ளோரிடா மாநிலம், பாம் பீச் மாவட்டம். வயசானவங்க அதிகம். எழுத்துப் பெருசா இருக்கணும்னு நல்ல எண்ணத்தில், பெயர்களை ரெண்டு பக்கமும் பிரிச்சு, துளை குத்துற இடத்தை நடுவில் வச்சு சீட்டு தயாரிச்சாங்க. பார்க்க பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி. இடப்பக்கம் ரெண்டாவது பெயர் அல் கோர். ஆனா நடுவில் ரெண்டாவது துளை அவருக்கில்லை, வலப்பக்கம் இருந்த பேட் புக்கானனுக்கு. கோருக்கு மூணாவது துளை. புக்கானனுக்கு அங்கே 3,400-க்கும் மேல ஓட்டு விழுந்துச்சு. இதெல்லாம் எனக்குப் போட்டதா இருக்காதுன்னு அவரே சொன்னார். ஒண்ணுக்கு மேல துளை குத்தி செல்லாமப் போனது 19 ஆயிரத்துக்கும் மேல. புஷ் அந்த மாநிலத்தில் ஜெயிச்சது 537 ஓட்டில். அந்த மாநிலத்தால்தான் ஜனாதிபதி ஆனார்.

யாரும் சதி செய்யலை. பெயருக்கும் துளைக்கும் நடுவில் கண் வழி தவறுச்சு, அவ்வளவுதான்.

ஆறு மாசம் கழிச்சு, 2001 மே 10, தமிழ்நாட்டின் 234 தொகுதியிலும் மெஷின். நான் அப்போ பள்ளிக்கூடப் பையன். பெரியவங்க எல்லாம் 'பீப் சத்தம் வந்துச்சா, உனக்கு வந்துச்சா'ன்னு கேட்டுக்கிட்டது ஞாபகம் இருக்கு. அந்த பீப் வந்தாத்தான் மனசு ஆறும். 2004-ல் நாடு முழுக்க 543 தொகுதிக்கும் வந்துடுச்சு.

மெஷினில் இல்லாத பட்டனையும் சொல்லணும். 'யாருக்கும் போடலை'ன்னு சொல்ல விரும்புறவர், 49-ஓ விதிப்படி தலைமை அலுவலர்கிட்ட போய்ச் சொல்லி, பதிவேட்டில் எழுத வைக்கணும். பூத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும். ரகசியம் போச்சு. கிராமத்தில் இதுக்கு எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 2013 செப்டம்பர் 27-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் 'நோட்டா' வந்தது. அதுவும் எப்பவும் ஒரே இடத்தில், கடைசி வேட்பாளருக்கு அடுத்து. எந்த ஊரில் போட்டாலும் தேட வேண்டாம்.

அதே வருஷம் நாகாலாந்து நோக்சென் இடைத்தேர்தலில் வி.வி.பேட் வந்துச்சு. யாருக்குப் போட்டோம்னு அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னாடி ஏழு விநாடி தெரியும். சத்தம் வந்தது, விளக்கு எரிஞ்சது, ஆனா 'என்ன பதிவாச்சு'ன்னு பார்க்கணும் இல்லையா? ஆன்லைனில் விண்ணப்பம் போட்டதும் 'வெற்றி'ன்னு மட்டும் காட்டிட்டு, எதுக்கு விண்ணப்பிச்சோம்னு காட்டாத பக்கங்களை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

சின்னம் மாறினா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1989-ல் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்னாங்க. இலையைப் பார்த்தே குத்திப் பழகின கைக்கு திடீர்னு இலை இல்லை. பெயர்க் குழப்பம் இன்னொண்ணு. 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்னப்போ, அதே பெயரில் இன்னும் சிலர் நின்னாங்க. 2015-லிருந்து மெஷினில் வேட்பாளர் போட்டோவும் இருக்கிறதால கொஞ்சம் பரவாயில்லை.

எங்க தொழிலுக்கு வர்றேன். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மெஷினில் ஆக்சிஜன் திருகு மத்த திருகை விடப் பெருசா, வரி வரியா வெட்டின மாதிரி, கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். இருட்டில் தொட்டாலே தெரியணும். நைட்ரஸ் ஆக்சைடைத் தவறுதலாத் திருகினா உயிர் போகும். ரெண்டாம் உலகப்போரில் பி-17 விமானங்களில் இதே கதை. தரையிறங்கினதும் இறக்கை மடலை மடக்கப்போன பைலட்டுங்க சக்கரத்தை மடக்கி, விமானத்தை வயித்தில் உட்கார வச்சாங்க. ரெண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி. அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ்ங்கிற உளவியலாளர் சக்கரத்துக்கான பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கான பிடியில் ஆப்பு வடிவத்தையும் மாட்டச் சொன்னார்.

வெப்சைட்டுக்கு வாங்க. 1995-ல் வந்த ஹெச்.டி.எம்.எல். 2.0 தரத்தில் படிவத்துக்கு ரெண்டு பட்டன் இருந்துச்சு: 'சப்மிட்', 'ரீசெட்'. நிரப்பினதை அனுப்புறது ஒண்ணு, மொத்தமா அழிக்கிறது இன்னொண்ணு. பல பேர் ரெண்டையும் ஒட்டியே வச்சாங்க, ஒரே அளவில். பெரும்பாலான படிவங்களுக்கு ரீசெட்டே வேண்டாம்னு ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிட்டார். இன்னிக்கும் நம்ம ஊர் விண்ணப்பப் பக்கங்களில் 'சமர்ப்பி' பக்கத்தில் 'அழி' உட்கார்ந்திருக்கும். பத்து நிமிஷம் தட்டினது ஒரு நொடியில் போகும். பச்சைத்தாள் முத்திரை போட்டு கதவுக்குள்ளே வச்ச 'க்ளியர்' பட்டனை நினைச்சுக்குங்க.

இப்போ என் கதை. முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்தில் நோயாளி விவரம் பதிய ஒரு வெப் அப்ளிகேஷன். மருந்து பக்கத்தில் வலதுகீழே பச்சை பட்டன்: 'சேவ்'. லேப் பக்கத்திலும் வலதுகீழே பச்சை: 'சேவ்'. நோயாளி சுருக்கப் பக்கத்தில் மட்டும் வலதுகீழே அதே பச்சையில், அதே அளவில்: 'டிஸ்சார்ஜ்'. சேவ் அங்கே இடது பக்கம், சாம்பல் நிறத்தில்.

ராத்திரி மூணு மணி. மூச்சுத்திணறலோட வந்தவருக்கு மருந்து எழுதி, குறிப்பு அடிச்சு, கை பழக்கத்தில் வலதுகீழே பச்சையை அமுக்கிட்டேன். 'நிச்சயமா?'ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. அந்தப் பெட்டி எல்லாப் பக்கத்திலும் சேவ் செய்யும்போதும் வரும், அதனால படிக்காமலே 'ஓகே'. அடுத்த நோயாளிக்குப் போயிட்டேன்.

கட்டிலில் அவர் இருக்கார், கம்ப்யூட்டரில் வீட்டுக்குப் போயிட்டார். காலையில் வார்டு பட்டியலில் பெயர் இல்லை, அதனால அவருக்கான ஊசி மருந்து வார்டுக்கு வரலை. எட்டு மணிக்கு ட்யூட்டி மாறின சிஸ்டர் கட்டிலையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, "சார், ஏழாம் நம்பர் பெட்ல ஆள் இருக்காரே, இங்கே டிஸ்சார்ஜ்னு இருக்கு"ன்னு போன் செஞ்சாங்க. ரெண்டு மணி நேரத் தாமதம். அவருக்கு ஒண்ணும் ஆகலை, நாலு நாள் கழிச்சு நல்லபடியா நிஜமாவே வீட்டுக்குப் போனார். சிஸ்டர் கண்ணில் படலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னும் முழுசா யோசிச்சுப் பார்க்கலை.

சாஃப்ட்வேர் குழுவுக்கு எழுதினேன். டிஸ்சார்ஜை வேற இடத்தில், வேற நிறத்தில் வைங்க, நோயாளி பெயரைக் காட்டிக் கேளுங்க, சேவுக்கெல்லாம் 'நிச்சயமா' கேட்காதீங்கன்னு படம் வரைஞ்சே அனுப்பினேன். பயனாளர்களுக்குப் பயிற்சி தேவைன்னு பதில் வந்துச்சு. பயிற்சியும் நடந்துச்சு, டீ வடை கொடுத்தாங்க.

அதுக்கு முன்னாடியே அந்த சிஸ்டர் ஒரு வேலை செஞ்சிருந்தாங்க. ஊசி ஒட்டுற வெள்ளை பிளாஸ்திரியை ஒரு இஞ்ச் வெட்டி, அந்தப் பச்சை பட்டன் வர்ற இடத்துக்கு நேர் கீழே, மானிட்டர் விளிம்பில் ஒட்டி, பேனாவில் எழுதியிருந்தாங்க: 'சேவ் இல்லை. பார்த்து.'

நான் மாறுதலாகி வர்ற வரைக்கும் அது அங்கேயேதான் இருந்துச்சு. ஓரம் பிரிஞ்சா யாராவது புதுசா ஒண்ணு ஒட்டிடுவாங்க.